எங்கப்பன் குதிருக்குள் இல்லை: கதையில் ஒரு பாத்திரத்தை உளற வைப்பது எப்படி

கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நிற்கிறார். அப்பா குதிருக்குள் இறங்கி ஒளிந்துகொண்டிருக்கிறார். (பார்த்திராதவர்களுக்கு: குதிர் என்பது மண்ணால் கட்டிய, நெல் கொட்டி வைக்கும் பெரிய கூடு.) "யார் கேட்டாலும் நான் இல்லைன்னு சொல்லு" என்று பிள்ளைக்குச் சொல்லியாகிவிட்டது. வந்தவர் கேட்கிறார், "உங்கப்பா எங்கடா?" பிள்ளை சொல்கிறான், "எங்கப்பன் குதிருக்குள்ள இல்லை."

உளறல் காட்சி எழுத நினைக்கிறவர்களுக்கு இந்தப் பழமொழியைவிட நல்ல பாடத்தை நான் பார்த்ததில்லை. பையன் ரகசியத்தைச் சொல்லவே இல்லை. அப்பா சொல்லச் சொன்ன பொய்யைத்தான் ஒழுங்காகச் சொல்கிறான். யாரும் கேட்காத ஒரே ஒரு சொல் கூட ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. அப்பா எங்கே இருக்கிறார் என்று தெரிந்தவனுக்கு மட்டும்தான் அந்த நேரத்தில் 'குதிர்' நினைவுக்கு வரும்.

புதிதாக எழுதுகிறவர்களின் சிறுகதைகளைப் படித்துத் திருத்தம் சொல்வது சில வருடங்களாக என் மாலை நேர வேலை. அதில் அடிக்கடி எதிர்ப்படும் காட்சி இது: சித்தப்பா இரண்டு ரவுண்டு போட்டுவிட்டு, "பத்திரத்துல கள்ளக் கையெழுத்துப் போட்டது நான்தான்டா!" என்று கத்துவார். எல்லோரும் உறைந்து நிற்பார்கள். இதற்குப் பெயர் வாக்குமூலம். உளறலில் பேசுகிறவருக்குத் தான் என்ன சொன்னோம் என்பதே உடனே தெரியக்கூடாது. ரகசியம் தெரிந்தவர் மட்டுமே பேசக்கூடிய ஒரு சாதாரண வாக்கியத்தை அவர் வாயில் வைக்க வேண்டும். அதை எழுதும் வழியை ஒரே கதையை வைத்துக் காட்டுகிறேன்.

முதலில் ஒரு நோட்டு

ரகசியத்தை ஒரே வரியில் எழுதுங்கள். ஒரு வரியில் அடங்கவில்லை என்றால் உங்களிடம் இரண்டு ரகசியங்கள் இருக்கின்றன. ஒன்றை வேறு கதைக்கு எடுத்து வையுங்கள்.

நம் கதை இது. தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூர். தங்கை வள்ளியின் கல்யாணத்துக்கென்று அம்மா பீரோவில் வைத்திருந்த நகையை முருகேசன் அடகு வைத்து, சிநேகிதன் தொடங்கிய தொழிலில் பணத்தைப் போட்டுவிட்டான். அதே மாதிரியில் கவரிங் வாங்கி பீரோவில் வைத்திருக்கிறான். தொழில் எழுந்திருக்கவில்லை. கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்.

அந்த வரிக்குக் கீழே யாருக்கு என்ன தெரியும் என்று எழுதிக்கொள்ளுங்கள். அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது; தினமும் பீரோவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிறாள். அண்ணன் கொஞ்ச நாளாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது வரைக்கும் வள்ளிக்குத் தெரியும். அத்தைக்கு இந்த நகை விஷயம் தெரியாது, ஆனால் அடகுக் கடையைத் தெரியும். மாமா இருந்த காலத்தில் அவள் கழுத்துச் சங்கிலி வீட்டில் இருந்ததைவிடக் கடையில் இருந்த நாட்கள் அதிகம்.

கடைசி வரி வாசகருக்கு. நகை கடையில் இருப்பது வாசகருக்கு முன்னாலேயே தெரியுமா? தெரிந்தால், உளறும் இடத்தில் அவருக்கு வயிற்றைப் பிசையும். தெரியாவிட்டால் அந்த வாக்கியம் சாதாரணப் பேச்சாகக் கடந்துபோய், கதை முடிந்து திரும்பப் படிக்கும்போதுதான் உறைக்க வேண்டும். இரண்டாவது கைப்பழக்கம் கேட்கும் வேலை. முதல் தடவை எழுதுகிறவர் வாசகருக்குச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கலாம், தப்பில்லை.

ரகசியத்தோடு ஒட்டிக்கொண்டு வருவது

இந்த இடத்தைத்தான் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். நகையை அடகு வைத்தவனுக்கு 'அடகு வைத்தேன்' என்பது மட்டுமா தெரியும்? கூடவே அவன் விரும்பிச் சேர்க்காத சில்லறை விஷயங்கள் ஏராளமாக மண்டையில் ஏறியிருக்கும். அதையெல்லாம் வரிசையாக எழுதுங்கள். பத்தாவது வருவதற்குள் நிறுத்தாதீர்கள். முதல் நாலைந்து எல்லோருக்கும் தோன்றுவதாகவே இருக்கும்.

முருகேசனுக்கு என்னென்ன தெரியும்? எந்தக் கடையில் வட்டி குறைவு. எந்த வங்கியில் நகைக் கடனுக்கு மதிப்பீட்டாளர் எந்தக் கிழமை வருவார். இன்றைக்குக் காலை கிராம் என்ன விலை. மூன்று மாதமாக எழுந்ததும் முதலில் பார்ப்பது அதைத்தான். வளையலின் உட்புறத்தில் உரைகல்லில் தேய்த்த இடம் எது. ஜிமிக்கியின் திருகு தளர்ந்திருக்கிறது என்பது. கவரிங்கை வியர்வை படாமல் வைத்தால் எத்தனை நாள் கறுக்காது என்பது. பிறகு, ஆரத்தில் பதித்த கல்லின் எடையைக் கழித்தால் தங்கம் எவ்வளவு தேறும் என்பது.

கடைசியில் சொன்னதைப் பாருங்கள். வீட்டில் நகையின் எடையைப் பவுன் கணக்கில் வாயால் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், வருடக்கணக்காக அதே எண்ணிக்கையை. பவுன் என்றால் எட்டு கிராம். 'அஞ்சு பவுன் ஆரம்' என்று அம்மா சொன்னால் அவள் மனதில் இருப்பது கல்லும் சேர்ந்த 40 கிராம். கடன் கொடுக்கிறவர் கல்லுக்குப் பணம் தரமாட்டார். கல் எடையைக் கழித்து, மிச்சத்துக்குத்தான் கணக்குப் போடுவார். நாலு கிராம் கல் போனால் 36 கிராம், நாலரைப் பவுன். கல்யாணப் பட்டியல் போடும் வீட்டில் அந்த 'நாலரை' வேறு எந்த வழியாகவும் வந்திருக்க முடியாது.

நமக்கு வேண்டிய உளறல் கிடைத்துவிட்டது:

"ஆரம் அஞ்சு பவுன்," என்று அம்மா சொல்ல, வள்ளி எழுதிக்கொண்டாள்.

"கல்லு கழிச்சா நாலரைதாம்மா," என்றான் முருகேசன், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

'அடகு' என்ற சொல் இல்லை, தடுமாற்றம் இல்லை, அவன் வரையில் இது பொறுப்பான பேச்சுக்கூட. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் நிறுத்துப் பார்த்துவிட்டு 'சொன்ன பவுன் இல்லை' என்று சொல்லிவிடக்கூடாதே!

தமிழே காட்டிக்கொடுக்கும்

மேலே உள்ளது விவரத்தால் உளறுவது. சொல்லின் விகுதியால், ஓர் இடைச்சொல்லால் உளறுவது இன்னொரு வகை. அதற்குத் தமிழில் இருக்கும் வசதிகள் கொஞ்சநஞ்சமில்லை. மொழிபெயர்ப்புத் துப்பறியும் கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள் இவற்றைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுவது எனக்கு ஒரு குறை.

'ஆம்' விகுதியில் ஆரம்பிப்போம். கேள்விப்பட்டதைச் சொல்லும்போது தானாக வந்து ஒட்டும். இதைப் படியுங்கள்:

"பாவம், எதிர்வீட்டு சார் நேத்து ராத்திரி மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டாராம். தலையில அடியாம். ஆஸ்பத்திரி போற வழியிலேயே முடிஞ்சிருச்சாம். ஒத்தைச் செருப்பு மட்டும் அஞ்சாவது படியிலயே கெடந்துச்சு."

முதல் மூன்று வாக்கியங்கள் கேள்விப்பட்டவை. நாலாவது பார்த்தது. ஓர் 'ஆம்' விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். அதை எழுத்தாளர் சுட்டிக்காட்டவே வேண்டாம். தமிழ்க் காது கொஞ்சம் தாமதமாகவேனும் பிடித்துவிடும்.

அடுத்து, 'வா', 'போ'. பேசுகிறவர் எந்த இடத்தில் நின்று பார்க்கிறார் என்பதை இந்த இரண்டு வினைகளும் சொல்லிவிடும். காவல் நிலையத்தில் ஒருவர், "நான் அன்னைக்கு மதுரையில இருந்தேன் சார். அண்ணன் எட்டு மணி வாக்குல தோட்டத்துக்கு வந்தாரு," என்கிறார். மதுரையில் இருந்தவர் 'போனாரு' என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? 'வந்தாரு' என்றால் அவர் தோட்டத்தில் நின்றிருக்கிறார். ஒரு எச்சரிக்கை: இந்தப் பேச்சைத் தோட்டத்திலேயே வைத்து நடத்தினால் 'வந்தாரு' இயல்பாகிவிடும், உளறல் செத்துவிடும். உரையாடல் வேறிடத்தில்தான் நடக்க வேண்டும்.

'நாம'வும் 'நாங்க'வும் இன்னொரு புதையல். யார் பக்கமும் சாயாத தரகர் என்று சொல்லிக்கொள்பவர், வாங்குகிறவரிடம் "நாற்பது லட்சத்துக்குக் கீழ நாங்க இறங்க மாட்டோம்" என்றால் வேலை முடிந்தது. கேட்பவரை வெளியே நிறுத்திவிட்ட அந்த 'நாங்க', அவர் விற்கிறவருடைய கூட்டாளி என்பதைச் சொல்லிவிட்டது.

மரியாதை விகுதி எல்லோருக்கும் தெரிந்த உத்திதான், ஆனால் பெரும்பாலும் 'நீ' என்று அழுத்தி எழுதிக் கெடுத்துவிடுகிறார்கள். பெயர்ச்சொல்லே இல்லாமல் வினையில் மட்டும் வரட்டும். அலுவலகத்தில் 'சார்', 'மேடம்' என்று மட்டும் பேசிக்கொள்ளும் இருவர். லிஃப்ட் கதவு மூடப் போகிறது. உள்ளே இருக்கும் அவள் அவசரத்தில், "சீக்கிரம் வாயேன்!" அந்த 'ஏன்'னில் எத்தனை மாதப் பழக்கம் இருக்கிறது என்று உடன் நிற்கும் மூன்றாவது ஆளுக்குப் புரிந்துவிடும்.

'ஆவது' கொடுமையானது. இரண்டாம் கல்யாணம் என்பதை மறைத்து நடத்தும் கல்யாணத்தில், பெண் வீட்டுப் பாட்டி பந்தியில் உட்கார்ந்து திருப்தியாகச் சொல்கிறாள்: "இந்த மாப்பிள்ளையாச்சும் நல்லா சாப்பிடுதாரு." பக்கத்து இலை சம்பந்தி வீட்டுக்காரருடையது.

பால் காட்டும் விகுதியும் அப்படித்தான். பிறக்காத குழந்தையை வீட்டில் 'அது', 'குழந்தை' என்பார்கள், ஆசைக்கு 'பேரன்' என்பார்கள். பேரன் வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த மாமியார், ஒருநாள் தையற்காரரிடம் "அவ பொறக்கிறப்போ மழைக்காலமா இருக்கும்" என்கிறாள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வது இந்தியாவில் குற்றம். 'அவ' என்ற ஓரெழுத்து வித்தியாசத்தில் ஸ்கேன் சென்டர், கொடுத்த பணம், அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்ற பயம் எல்லாம் வந்து நிற்கின்றன.

ஒன்றை மட்டும் இறக்குமதி செய்யாதீர்கள். காணாமல் போனவரைப் பற்றிப் பேசும் மனைவி இறந்த காலத்தில் பேசிவிட, துப்பறிபவர் நிமிர்ந்து உட்காரும் உத்தி ஆங்கிலத்தில் நன்றாக வேலை செய்யும். தமிழில் வழுக்கிவிடும். "ராத்திரி லேட்டாத்தான் சாப்பிடுவார்," "முட்டைக்கோஸ் வாசனை வந்தாலே எழுந்து போயிடுவார்" என்பதை நாம் இருக்கிறவருக்கும் சொல்வோம், இறந்தவருக்கும் சொல்வோம். பழக்கத்தைச் சொல்லும் வினை நமக்கு இரண்டுக்கும் பொது.

இந்த வகை நுணுக்கத்தில் வள்ளுவருக்கு மிஞ்சி ஆளில்லை. 1316-ஆம் குறளில் தலைவன் அன்பாகத்தான் பேசுகிறான், 'உன்னை நினைத்தேன்' என்று. அவளோ 'அப்படியானால் இடையில் ஏன் மறந்தீர்?' என்று ஊடுகிறாள்: "உள்ளினேன் என்றேன்மற் றென்மறந்தீர் என்றென்னைப் புல்லாள் புலத்தக் கனள்." சொன்ன சொல்லுக்குள் சொல்லாதது எப்படி உட்கார்ந்திருக்கும் என்பதற்கு இதைத் தாண்டி உதாரணம் தேட வேண்டியதில்லை.

வாய் ஏன் அப்போது திறந்தது?

உளறலுக்குக் காரணம் வேண்டும். கதைக்குத் தேவைப்பட்டது, அதனால் உளறினான் என்பது காரணம் ஆகாது. அந்தக் கணத்தில் அவன் மனது ரகசியத்தைவிட வேறொன்றில் முனைப்பாக இருந்திருக்க வேண்டும். முருகேசனுக்கு அது திருத்தும் ஆசை. தவறான எண்ணைக் கேட்டால் சரியான எண்ணைச் சொல்லாமல் இருக்க முடியாதவர்கள் உண்டு. உங்கள் குடும்பத்திலேயே ஒருவர் இருப்பார். அந்தக் குணத்தைக் கதையின் முதல் பக்கத்திலேயே, நகைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் காட்டிவிடுங்கள். பஸ் கட்டணத்தில் ஒரு ரூபாய் தப்பாகச் சொன்ன கண்டக்டரை முருகேசன் திருத்தட்டும்.

ஆறுதல் சொல்லப்போய் உளறுவது இன்னும் ஆழமானது. கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸின் ஈடிபஸ் நாடகத்தில் அரசி யோகாஸ்டா கணவன் ஈடிபஸின் கலக்கத்தைப் போக்கத்தான் வாயைத் திறக்கிறாள். குறி சொல்கிறவர்களை நம்பாதே, என் முதல் கணவன் மகன் கையால் சாவான் என்றார்கள், அவரோ மூன்று பாதைகள் சந்திக்கும் இடத்தில் கொள்ளையர் கையால் செத்தார் என்கிறாள். அவளுக்கு அந்த இடம் வெறும் விவரம். ஒருகாலத்தில் அப்படி ஓரிடத்தில் ஒரு முதியவரை அடித்துக் கொன்ற ஈடிபஸுக்கோ தலை சுற்றுகிறது. தான் ரகசியத்தைத் தொட்டோம் என்பதுகூட சொன்னவளுக்குத் தெரியாது. குழந்தைகளும் முதியவர்களும் உளறும் காட்சிகளை இந்த வழியில் யோசியுங்கள்: அவர்களுக்கு அது ரகசியம் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது காரணம், மறைக்க வேண்டும் என்ற முனைப்பே. குதிர்ப் பையனின் வியாதி. 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க உளவியல் ஆய்வு இதைச் சோதித்தது. பேசுகிறவர் முன்னால் சில உருவங்கள். அதில் ஒன்று எதிரில் இருப்பவர் கண்ணுக்குப் படாமல் மறைக்கப்பட்டிருக்கும். மறைந்திருப்பது பெரிய முக்கோணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் தெரியும் முக்கோணத்தை 'முக்கோணம்' என்றாலே போதும். பலர் 'சின்ன முக்கோணம்' என்றார்கள். சின்னது என்றால் பெரியது ஒன்று எங்கோ இருக்கிறது. மறைந்திருப்பதைக் காட்டிக்கொடுக்காதீர்கள் என்று குறிப்பாகச் சொல்லிவைத்தபோது இப்படிக் கசிவது கூடியதே தவிரக் குறையவில்லை. ஆகவே உங்கள் பாத்திரத்திடம் யாராவது "வாயைத் திறந்துடாதே" என்று கண்டிப்பாகச் சொல்லும் காட்சியை உளறலுக்குக் கொஞ்சம் முன்னால் வையுங்கள். கசிவது ஒரு அடைமொழியாக இருக்கட்டும்: 'சின்ன' வீடு, 'மூத்த' பையன், 'பழைய' நம்பர்.

வெறும் நாக்குப் பிறழலைப் பற்றி இரண்டு வரி. ஆஸ்திரிய நாடாளுமன்றக் கீழவையின் தலைவர் ஒருவர், கூட்டத்தைத் தொடங்கவேண்டிய நேரத்தில் 'கூட்டம் முடிந்தது' என்று அறிவித்த கதையை சிக்மண்ட் ஃபிராய்ட் எடுத்தாண்டார். முடிந்தால் தேவலை என்று தலைவர் மனதில் இருந்திருக்கும் என்பது ஃபிராய்டின் விளக்கம். கதையில் இதை எப்போதாவதுதான் பயன்படுத்த வேண்டும். மனைவியை வேறு பெண்ணின் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அரைத்த மாவு, போதாததற்கு நம்பவும் கடினம். பெயர் மாறிக் கூப்பிடுவது அன்றாடம் நடப்பது என்றும், பெரும்பாலும் ஒரே உறவு வட்டத்துக்குள்ளேதான் மாறுகிறது என்றும் டியூக் பல்கலைக்கழகத்தார் 2016-ல் காட்டினார்கள். அம்மா ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளையின் பெயரால் கூப்பிடுவாள், சமயத்தில் நாயின் பெயராலும். இதைத் திருப்பிப் போட்டால் நல்ல காட்சி கிடைக்கும்: பந்தியில் அந்தப் பாட்டி புது மாப்பிள்ளையை யாரும் கேள்விப்படாத ஒரு பெயரால், வெகு இயல்பாகக் கூப்பிடுகிறாள்.

யார் காதில் விழுகிறது

உளறல் பாதி. அதைக் கேட்பவரிடம் மறுபாதி இருக்க வேண்டும். 'நாலரை' என்றதும் அம்மா தலையாட்டிவிட்டு, வள்ளியிடம் எண்ணை மாற்றி எழுதச் சொல்கிறாள். மகன் எவ்வளவு கவனமாக இருக்கிறான் என்று அவளுக்குப் பெருமைகூட. அதே எண் அத்தை காதில் வேறு மாதிரி விழுகிறது. அதற்காகத்தான் நோட்டில் அவளுக்கு அடகுக் கடை தெரியும் என்று முன்பே எழுதிவைத்தோம்.

விழுந்ததும் என்ன நடக்க வேண்டும்? ஒன்றும் நடக்கக்கூடாது. புதியவர்கள் இங்கே 'திக்', 'பகீர்', 'ஒரு நிமிடம் அங்கே மயான அமைதி' என்று இறங்கிவிடுவார்கள். அத்தை வெற்றிலைக் காம்பைக் கிள்ளுகிறாள், கிள்ளிய காம்பையே பார்க்கிறாள், "வடை ஆறுது, எடுத்துக்கோல" என்கிறாள். அதோடு பேச்சு மண்டபத்து வாடகைக்குப் போய்விட வேண்டும். கேட்டவர் எவ்வளவு நேரம் அதை மனதில் வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறாரோ அவ்வளவு கனம் அதற்கு.

உளறியவருக்கு எப்போது உறைக்கிறது என்பதையும் முடிவு செய்யுங்கள். உடனே உறைத்தால் சப்பைக்கட்டு கட்டுவார், அந்தச் சப்பைக்கட்டு முதல் உளறலைவிட மோசமாகப் போகலாம். "அதாவது... பொதுவா கல்லு அவ்வளவு எடை இருக்கும்ல" என்று முருகேசன் இழுத்தால் அம்மாவே நிமிர்ந்து பார்த்துவிடுவாள். எனக்குப் பிடித்தது தாமதமாக உறைப்பது. ராத்திரி படுத்த பிறகு, கொசுவத்தி அணைந்த வாசனையில், 'நாலரை' என்று சொன்ன தன் குரல் அவனுக்கே திரும்பக் கேட்கட்டும்.

அத்தை கேட்கும் இடம் இரண்டு காட்சிகள் தள்ளி, கிணற்றடியில். முதலில் நான் எழுதியது: "ஏல, நகையை அடகு வெச்சுட்டியா?" இப்போது கதையில் இருப்பது: "எத்தனை ரூவா வட்டில?" ஏன் மாறியது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

போட்டு வாங்குவது வேறு

தானாக உளறுவதும் வலை விரித்து உளற வைப்பதும் ஒன்றில்லை. இரண்டையும் ஒரே கதையில் போட்டால் தானாக வருவது நீர்த்துவிடும். போட்டு வாங்குகிறவர் நேரடியாகக் கேட்கவே மாட்டார். ஒரு தவறைச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். வேலை தேடிச் சென்னைக்குப் போனேன் என்று சொல்லிவிட்டு ராமேஸ்வரம் போய்வந்தவனிடம் மாமா காபியை ஆற்றிக்கொண்டே, "ராமேஸ்வரத்துல ரெண்டு நாளா நல்ல மழையாமே?" அவன் வாய், "அங்க ஏது மாமா மழை, வெயில் மண்டையைப் பொளக்குது." இது யாருடைய காட்சி? உளறியவனுடையது இல்லை, மாமாவினுடையது. எனவே காட்சியை மாமா பக்கத்திலிருந்து எழுதுங்கள்.

உடம்பு, போன், போலீஸ்

உடம்பும் உளறும். பிராமணன் என்று சொல்லிப் பரசுராமரிடம் வித்தை கற்ற கர்ணன், குரு தன் மடியில் தலைவைத்துத் தூங்கும்போது வண்டு தொடையைத் துளைத்தும் அசையாமல் இருந்தான். குருபக்தியில் செய்ததுதான். இவ்வளவு வலியைத் தாங்குகிறவன் பிராமணனாக இருக்க முடியாது என்று அதை வைத்தே குரு கண்டுகொண்டார். ஒருவரின் நல்ல குணமே அவரைக் காட்டிக்கொடுப்பது எழுதக் கிடைத்தால் விடாதீர்கள். காதலை மறைக்கத்தான் பார்க்கிறேன், அது தும்மல் மாதிரி சொல்லாமல் வந்துவிடுகிறது என்கிறாள் 1253-ஆம் குறளின் பெண்.

போனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குரூப் மாறி அனுப்பிய மெசேஜ் இப்போதே பழைய சரக்கு. அதைவிட ஃபாஸ்டேக் நல்லது. கார் அப்பா பெயரில், பதிந்த எண்ணும் அப்பாவுடையது. கோயிலுக்குப் போவதாகச் சொன்ன மகன் எந்தச் சுங்கச்சாவடியைத் தாண்டினான் என்று அப்பாவின் போனுக்கு எஸ்எம்எஸ் வந்துகொண்டே இருக்கும். அப்பா அதைப் படிப்பவரா, இல்லையா என்பதுதான் கதை.

குற்றக் கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு விஷயம். இன்ஸ்பெக்டர் முன்னால் ஒருவன் உளறினான், உடனே விலங்கு, நேரே தண்டனை என்று முடிக்காதீர்கள். போலீஸ் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்திலும் அப்படித்தான், அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமிலும் அப்படித்தான். காவலில் இருப்பவர் சொன்னதை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்போடு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி மட்டும் எடுபடும். ஆகவே உங்கள் குற்றவாளியின் உளறல் ஒரு கிணற்றுக்கோ ஒரு வைக்கோல் போருக்கோ வழிகாட்ட வேண்டும். வேலை செய்யப்போவது அங்கே கிடைக்கும் அரிவாள்.

எழுதியாகிவிட்டதா?

உளறல் வாக்கியத்துக்கு அடுத்து வரும் விளக்க வரியை அடியுங்கள். 'அவனுக்கு எப்படி அது தெரிந்தது என்று அத்தைக்குச் சந்தேகம் எழுந்தது' என்று ஒரு வரி கண்டிப்பாக எழுதியிருப்பீர்கள், நானும் எழுதியிருந்தேன். அடித்த பிறகு காட்சி புரியவில்லை என்றால், கோளாறு உளறலுக்கு முன்னால் இருக்கிறது. நகை எடையைப் பற்றி வாசகருக்கு முன்பே கொஞ்சம் பழக்கிவைக்கவில்லை என்று அர்த்தம். அங்கே போய்ச் சரி செய்யுங்கள்.

பிறகு யாருக்காவது வாசித்துக் காட்டுங்கள். எழுதுகிற நண்பர்களுக்கு வேண்டாம், அவர்கள் உத்தியைப் பார்ப்பார்கள். கதையில் வரும் சங்கதியோடு வாழ்ந்தவர் யாராவது கிடைத்தால் நல்லது. உளறல் வரியில் நிறுத்தாமல், குரலை மாற்றாமல் கடந்துபோங்கள். அவர் முகத்தை மட்டும் பாருங்கள்.

முருகேசன் கதையை நான் வாசித்துக் காட்டியது என் பெரியம்மாவுக்கு. மத்தியானம், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாதிக் கவனம்தான் இருந்திருக்கும். அடகு வைத்தது வாசகருக்குத் தெரியாதபடி எழுதியிருந்த பிரதி அது. 'கல்லு கழிச்சா நாலரைதாம்மா' என்று வாசித்து, அடுத்த வரிக்குப் போய், வடை ஆறும் இடத்துக்கு வந்திருப்பேன். பெரியம்மா கீரையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டாள்:

"எத்தனை ரூவா வட்டியாம்?"